எட்டு ரூபாய்க் கான்ஸ்டபிளும் ரைட்டர் மேசையும்: நெல்லைச் சிற்றூர்க் காவல் நிலையம், ஒரு மதிப்பாய்வு

அல்வாக் கடைக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் மதிப்பாய்வு எழுத ஆள் இருக்கிறது. ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற வசதி கொஞ்சமும் இல்லாத சேவைக்குத்தான் யாரும் எழுதுவதில்லை. நம் வீடும் வயலும் எந்த எல்லையில் இருக்கின்றனவோ அந்தக் காவல் நிலையம்தான் நமக்கு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், களக்காடு போன்ற ஊர்ப்பக்கத்து நிலையங்களின் பொதுவான நடைமுறையை வைத்து எழுதியது இது. எந்த ஒரு நிலையத்துக்கும் தனியாக மதிப்பெண் போடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடலாம். புகார் கொடுக்க வந்தவருக்குப் பதில் சொல்வதற்காக இந்த நிலையம் உருவாக்கப்படவில்லை. நடந்ததை எழுதி மேலே அனுப்புவதற்காக உருவாக்கப்பட்டது. அதனால் வாயால் கேட்பவருக்கு அங்கே கிடைப்பது குறைவு, எழுதிக் கேட்பவருக்குக் கிடைப்பது அதிகம். இது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் மேசையின் எந்தப் பக்கம் நிற்பது என்பது புரியும்.

போலீசுக்கு முன்னால்

போலீஸ் வருமுன் இந்தச் சீமையில் நடந்தது காவல் முறை. பெரும்பாதைகளுக்கும் வட்டாரத்துக்கும் பாளையக்காரர் வாங்கியது தேசகாவல். ஊருக்கு ஊர் காவல்காரர் வாங்கியது ஸ்தலகாவல். கூலி பெரும்பாலும் அறுப்புக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. பொருள் களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இந்த உத்தரவாதத்தை அதற்குப் பின் வந்த எந்த நிலையமும் தரவில்லை, இன்றும் தரவில்லை.

அந்தச் சேவையின் கோளாறு துப்புக்கூலி. மாடு காணாமல் போகும், துப்புச் சொல்ல ஓர் ஆள் வருவார், பேசிய தொகை கை மாறும், மறுநாள் மாடு எங்காவது ஒரு விடிலி (பனங்காட்டு ஓலைக் குடிசை) பக்கம் கட்டிக்கிடக்கும். காவல் கூலி தர மறுத்தவர் தொழுவம்தான் முதலில் காலியாகிறது என்ற புகார் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க ஓயவில்லை. காப்பவரும் கவர்பவரும் ஒரே ஆள்தானோ என்ற சந்தேகம் வந்தபின் எந்த உத்தரவாதத்துக்கும் மதிப்பில்லை.

1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி தேசகாவலைப் பிடுங்கிக்கொண்டது. அந்த இடத்தை நிரப்ப முதலில் 1802-ல் வங்காளத்து மாதிரியில், வட்டாரத்துக்கு ஒரு போலீஸ் அதிகாரியை வைக்கும் தரோகா முறை வந்தது. எடுபடவில்லை. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன் போலீஸ் வேலையை அப்படியே கலெக்டர், தாசில்தார், கிராம முன்சீப் கையில் கொடுத்தது. செலவில்லாத ஏற்பாடு, ஆனால் ஆபத்தானது. காலையில் கிஸ்தி (நிலவரித் தவணை) வசூலிக்கும் சேவகனே மாலையில் திருடனை விசாரிப்பான். கிஸ்தி தராதவனைக் குனியவைத்து முதுகில் கல்லேற்றும் கைக்குத் திருட்டு விசாரணையும் போனால் என்ன நடக்கும்? நடந்ததையெல்லாம் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855-ல் அறிக்கையாகவே எழுதிவைத்தது.

அந்த அறிக்கைக்குக் கிடைத்த பதில்தான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம், சென்னை மாகாண மாவட்டப் போலீஸ் சட்டம். வரி வசூலையும் போலீசையும் அது பிரித்தது. மாவட்டத்துக்கு ஒரு சூப்பரிண்டெண்ட், அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர், ஏட்டு, கான்ஸ்டபிள், எல்லோருக்கும் மேலே சென்னையில் மாகாணப் போலீஸ் தலைவர் வில்லியம் ராபின்சன். நாட்டின் பெரும்பகுதிக்கு 1861-ல் வந்த ஐந்தாம் சட்டத்துக்கு இது இரண்டு வருஷம் மூத்தது. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தொடக்க காலம்: என்ன சரியில்லை, ஏன்

சட்டம் காகிதத்தில் சுத்தமாக இருந்தது, தரையில் மூன்று இடங்களில் இடறியது.

முதலாவது, செய்தி. நிலையத்தில் ஓர் ஏட்டும் சில கான்ஸ்டபிள்களும் இருப்பார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியதோ நடந்துபோனால் ஒரு நாள் பிடிக்கும் ஊர்கள். ஊருக்குள் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் தலையாரியும் கிராம முன்சீப்பும். அவர்கள் வருவாய்த் துறையின் ஆட்களாகவே நீடித்தார்கள். ஆகவே புதிய போலீசுக்குக் காதும் கண்ணும் இன்னொரு துறையிடம் இருந்தன. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவிகளை அரசு ஒழித்தபோது அந்தப் பழைய இணைப்பும் அறுந்தது. இப்போது அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் நிற்கிறார். அடையாளம் தெரியாத பிணம் கிடந்தால் புகார் எழுதுபவர் அவர்தான், பறிமுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடுபவரும் பல வழக்குகளில் அவர்தான்.

இரண்டாவது, ஆள்பலம். கருவூலக் காவல், பணப்பெட்டி வழிக்காவல், கைதி வழிக்காவல் என்று நிலையத்து ஆட்கள் பிரிந்துபோவார்கள். தாலுகா கச்சேரி, சார்நிலைக் கருவூலம், கிளைச் சிறை, போலீஸ் எல்லாம் ஒரே வளாகத்தில் நெருங்கி நிற்பதைப் பழைய தாலுகா ஊர்களில் பார்க்கலாம். காரணம் இதுதான். இன்று கருவூலத்தின் இடத்தில் பந்தோபஸ்து. அமைச்சர் வருகை, கொடை எனப்படும் கோயில் திருவிழா, தலைவர்களின் நினைவு நாள் என்று ஒன்று வந்துவிட்டால் உங்கள் வழக்கின் விசாரணை அதிகாரி மூன்று நாளைக்குக் கையில் சிக்கமாட்டார்.

மூன்றாவது, சம்பளம். 1902-03-ல் பிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் வந்து பார்த்து, கான்ஸ்டபிளுக்குக் குறைந்தபட்சம் மாதம் எட்டு ரூபாயாவது தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன் கிடைத்தது அதைவிடக் குறைவு என்பது சொல்லாமலே தெரியும். அந்தச் சம்பளத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர் அரிதாகவே வந்தார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் கையில் நிலையத்தின் எல்லாப் பதிவேடுகளும் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கும் ரைட்டர் (நிலைய எழுத்தர்) மேசைக்கு இருக்கும் செல்வாக்கின் வேர் அங்கேதான் என்பது எங்கள் கணிப்பு. ஏட்டு பொறுப்பில் இருந்த நிலையங்களுக்கு நேரடியாகத் தேர்வான சப்-இன்ஸ்பெக்டர்கள் வந்ததும் இந்தக் கமிஷனுக்குப் பிறகுதான்.

இதற்கிடையே காவல் முறையும் முழுக்கச் சாகவில்லை. சர்க்காருக்கு வரி, காவல்காரருக்குக் கூலி என்று குடியானவர் பல காலம் இரண்டு பக்கமும் அழுதார்கள். எதில் மாடு திரும்பி வந்தது என்று கேட்டால் அந்தத் தலைமுறையில் பலர் போலீசைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. கலகம் நடந்த ஊரில் கூடுதல் போலீசை நிறுத்தி அந்தச் செலவை ஊர்மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டுவதைத் தண்டப் போலீஸ் என்பார்கள். 1899-ல் அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்துச் சிவகாசிக் கலவரத்துக்குப் பின்னும் அது வந்தது, 1908-க்குப் பின்னும் வந்தது. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதாக, மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. நகராட்சி அலுவலகமும் போலீஸ் நிலையமும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். காவலுக்கான பில் ஊருக்கு வந்தது. வாடிக்கையாளரைச் சுட்டுவிட்டு அவரிடமே கட்டணம் கேட்ட சேவை வேறு உண்டா தெரியவில்லை.

இன்றைய மேசை: புகார் எழுதுவது

வாசலில் பாரா (காவல் நிற்கும் போலீஸ்காரர்) நிற்பார். உள்ளே வரவேற்பாளர் மேசை. அதைத் தாண்டி ரைட்டர். இன்ஸ்பெக்டர் அறை கடைசி. புதிதாக வருபவர்கள் நேரே இன்ஸ்பெக்டரைத்தான் பார்ப்பேன் என்று காத்திருந்து பாதி நாளைத் தொலைக்கிறார்கள். அவர் நீதிமன்றத்திலோ பந்தோபஸ்திலோ இருப்பார். நிலையப் பொறுப்பில் அந்த நேரத்தில் யார் இருக்கிறாரோ அவர் புகாரை வாங்கலாம், வாங்க வேண்டும். காலை ரோல்கால் நேரத்தையும் நீதிமன்றத்துக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்தையும் தவிர்த்தால் பேச ஆள் கிடைக்கும். அடிதடி, விபத்து, ஆள் காணவில்லை என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், 112-க்கு அழைத்துவிட்டு உடனே போங்கள்.

புகாரை வெள்ளைத் தாளில் வீட்டிலேயே எழுதி, இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போவது நல்லது. தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர்கள், போன பொருள், அவ்வளவுதான். சட்டப் பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டாம், அது அவர்கள் வேலை. இரண்டு நாள் கழித்துப் போகிறீர்கள் என்றால் ஏன் தாமதம் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் நீதிமன்றத்தில் உடைந்த வழக்குகள் ஏராளம்.

பொருளின் அடையாளமும் மதிப்பும்தான் புகாரின் முதுகெலும்பு. நகை என்றால் பவுனோடு கிராமும், வண்டி என்றால் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும், போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வேண்டும். போன் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், எண் அதில் இருக்கிறது. திருட்டுப் போன்களை முடக்கும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனை முடக்கவும் அந்த எண்ணும் புகார் நகலும் தேவை.

மதிப்பை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, போலீஸ் தானாக வழக்குப் பதியும் குற்றமாக இல்லை. கிணற்று மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் எழுதினால், ‘இதுக்கெல்லாம் எப்.ஐ.ஆர். கிடையாது அண்ணாச்சி’ என்ற பதில் வரும். எத்தனை மீட்டர், என்ன தரம், வாங்கிய பில், இன்றைய விலை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் பல நேரங்களில் 5,000-த்தைத் தாண்டிவிடும். இல்லாததை ஏற்றிச் சொல்லாதீர்கள். வெளியே தெரிந்தால் உண்மையாகப் போனதையும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு பொறி ‘தொலைந்துவிட்டது’ என்ற சொல். பஸ்ஸில் பையை அறுத்து எடுத்துப் போனதை ‘தொலைந்தது’ என்று எழுதித்தரச் சொல்வார்கள். எழுதிக்கொடுத்தால் அது திருட்டு இல்லை, வழக்கும் இல்லை. உண்மையிலேயே தொலைந்த ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் என்றால் நிலையத்துக்கே போக வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதிந்து அச்செடுத்துக்கொள்ளலாம். முழுச் சேவையிலும் உருப்படியாக, யாருடைய முகத்தையும் பார்க்காமல் முடிகிற பகுதி இது. தாய்ப்பத்திரம் தொலைந்தால் மட்டும் அந்த அச்சு போதாது. பத்திரிகை விளம்பரமும், கண்டுபிடிக்க முடியவில்லை என்று நிலையம் தரும் சான்றும் கேட்பார்கள். அதற்கு நடையாக நடக்க வேண்டியிருக்கும்.

சி.எஸ்.ஆர். கையில் இருந்தால் போதுமா

போதாது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கு ரசீது. எண், தேதி, நிலைய முத்திரை, கையெழுத்து நான்கும் இருக்கிறதா பாருங்கள். வண்டித் திருட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி அதை ஏற்காது. அவர்களுக்கு எப்.ஐ.ஆரும், கடைசியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற இறுதி அறிக்கையும் வேண்டும். சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் ‘விசாரிக்கிறோம்’ என்பதுதான் இந்தச் சேவையின் மிகப் பரவலான குறை. நிலையத்தின் குற்ற எண்ணிக்கை ஏறினால் மேலே பதில் சொல்ல வேண்டும் என்பதே காரணம். மேலே அனுப்புவதற்காக எழுதும் பழக்கத்தின் பக்க விளைவு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 14 நாள் என்பதை நினைவில் வைத்து, பதினைந்தாம் நாள் போய் நில்லுங்கள்.

அதே பிரிவில் நமக்குச் சாதகமானவையும் உண்டு. சம்பவ இடம் வேறு நிலைய எல்லை என்றாலும் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது, பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். திருநெல்வேலியைச் சுற்றி இது ரொம்ப அவசியம். 1997-ல் மாநகரக் காவல் ஆணையரகம் பிரிந்தபின், பாளையங்கோட்டை மாநகர நிலையம், பாளையங்கோட்டை தாலுகா நிலையம் என்று பெயரிலேயே ஆட்களைக் குழப்பும் எல்லைகள் இருக்கின்றன. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் தரலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். ‘ஜெராக்ஸுக்கு’ என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் சம்பவ நேரம், தகவல் வந்த நேரம், பெயர்கள் மூன்றையும் சரிபாருங்கள். பதிந்த பின் திருத்துவது மலையைப் புரட்டுகிற வேலை.

பதிய மறுத்தால் சண்டை போட வேண்டாம். புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்த ஒப்புகையோடு நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். தபால் ரசீது இல்லாமல் நேரே நீதிமன்றம் போனால் மனு திரும்பிவிடும். வழக்குப் பதிவானபின் 90 நாளுக்குள் விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். கேட்பவருக்குத்தான் சொல்கிறார்கள்.

விபத்து என்றால் வழி வேறு. அடிபட்டவரை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) கொண்டுபோனால் அங்கிருந்து நிலையத்துக்குத் தகவல் போகும், போலீசார் வார்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்குவார்கள். கூட இருப்பவர்கள் அவசரத்தில் வண்டி எண்ணைத் தப்பாகச் சொல்வதும், ‘யார் இடித்தார் தெரியாது’ என்பதும் பின்னால் நஷ்டஈட்டு வழக்கைக் கெடுக்கும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, எப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஐந்தையும் சேர்த்து வையுங்கள்.

கூப்பிட்டால் போகலாமா

‘சின்ன விசாரணை, ஸ்டேஷன் வரை வந்துட்டுப் போங்க’ என்று போன் வந்தால் எழுத்தில் அழைப்பாணை கேட்கலாம். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60-ஐத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது. கடன், வாய்க்கால் தகராறு, வரப்புப் பிரச்சினை போன்ற சிவில் விவகாரங்களில் தீர்ப்புச் சொல்ல நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. அங்கே எழுதிக் கொடுக்கும் ‘சமாதானக் கடிதத்தை’ வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது என்ற விதி 1861-லிருந்து இருக்கிறது. சித்திரவதை அறிக்கையின் நினைவு அப்போது பசுமையாக இருந்தது. ஆனால் விதி வந்ததால் அடி நின்றுவிடவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் இறந்தபோது, தடயங்களைக் காக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த நிலையத்தையே வருவாய்த் துறையினர் பொறுப்பில் ஒப்படைக்கச் சொன்னது. போலீசை வருவாய்த் துறையிடமிருந்து பிரித்து 161 ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்க உத்தரவிட்டது. நிலையத்தில் ஏதாவது தவறாக நடந்தால், தேதியும் நேரமும் குறிப்பிட்டு அந்தப் பதிவை அழியாமல் வைக்கக் கோரி உடனே கண்காணிப்பாளருக்கு எழுதுவதுதான் முதல் வேலை. பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிட்டால் கேட்டுப் பயனில்லை.

கொடை அனுமதியும் ரோந்தும்

குறை சொல்லிக்கொண்டே போவது நியாயமில்லை. இரவு ரோந்து வேலை செய்கிறது. வங்கி, நகைக்கடை, தனிவீடு என்று இடத்துக்கு இடம் பட்டா புத்தகம் (ரோந்துப் பதிவேடு) வைத்து, சுற்றிவரும் காவலர் நேரம் எழுதிக் கையெழுத்திடுவார். வெளியூர் போகிறவர்கள் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் பூட்டிய வீட்டையும் அந்தச் சுற்றில் சேர்க்கிறார்கள். செலவில்லாத வசதி, பயன்படுத்துபவர் குறைவு.

கோயில் கொடைக்கு அனுமதி கேட்பவர்கள் கடைசி வாரத்தில் ஓடுவதுதான் வம்பு. விண்ணப்பத்தில் கொடை நாட்கள், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகாட்டம் எவை எந்த நேரம், சாமி வலம் வரும் தெருக்கள், மைக்செட் உரிமையாளர் பெயர், பொறுப்பாளர் மூவரின் போன் எண் எல்லாம் இருக்கட்டும். பாதைதான் முக்கியம். போன வருஷம் போகாத தெருவைப் புதிதாகச் சேர்த்தால் சமாதானக் கூட்டம், தாசில்தார் என்று இழுக்கும். பழைய அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்துவிட்டால் பாதிக் கேள்வி குறையும். கூம்பு ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காது. இரவு 10 மணிக்குமேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. சாமக்கொடைக்கு மைக் வைக்கமாட்டோம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால், நடுச்சாமத்தில் வண்டி வந்து மைக்கை நிறுத்தும் சங்கடம் இல்லை.